செஞ்சிக்குப் போகும் இளம் பிரசங்கியாருக்கு



வயதில் நீங்கள் என் பேரப்பிள்ளைகளோடு சேர்த்தி. ஆனாலும் அங்கி போட்டாயிற்று. செஞ்சிப் பக்கத்துச் சபைகளில் எண்பது வயதுக் கிழவியும் உங்களை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடப் போகிறாள். ஆகவே நானும் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். உங்களைப் போலப் புதிதாகக் குருப்பட்டம் பெற்றுக் கிராமச் சபைக்குப் போகிற நாலு பேர் கண்ணில் பட்டால் நல்லதுதானே.

நீங்கள் அனுப்பிய பிரசங்கக் குறிப்பைப் படித்தேன். எபிரெயர் நிருபம் பதினோராம் அதிகாரம். அசையாத விசுவாசம், அடங்காத விசுவாசம், அழியாத விசுவாசம் என்று மூன்று தலைப்பு. மூன்றுக்கும் ‘அ’ அகப்பட்டதில் உங்களுக்குப் பெரிய சந்தோஷம் இருந்திருக்கும். இந்தச் சந்தோஷத்துக்காகவே சனிக்கிழமை ராத்திரி தூக்கம் கெட்ட ஐயர்மார் நம்மில் நிறையப் பேர். ‘அடங்காத விசுவாசம்’ என்றால் என்ன என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மோனைக்காக வந்து உட்கார்ந்த சொல், எழுப்பி அனுப்பிவிடுங்கள்.

குறிப்பின் நடுவில் நயாகரா கதை வருகிறது. பிளாண்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1859-ல் நயாகரா ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றில் நடந்தார், தள்ளுவண்டியோடும் நடந்தார், கூட்டம் கைதட்டியது, ‘யார் வண்டியில் ஏறுகிறீர்கள்?’ என்று கேட்டதும் ஒருவரும் வரவில்லை, ஆகவே விசுவாசம் என்பது வண்டியில் ஏறுவது. இந்தக் கதையைக் கேட்காத சபை தமிழ்நாட்டில் கிடையாது. அவர் அப்படிக் கேட்டாரா என்பது இருக்கட்டும். அதே வருஷம் ஆகஸ்டில் அவர் ஹாரி கோல்கார்ட் என்பவரை முதுகில் சுமந்துகொண்டு அந்தக் கயிற்றைக் கடந்தார். அது நடந்த சம்பவம். நம் பிரசங்கிகள் அதை விட்டுவிடுகிறார்கள்; எனக்கோ பிரசங்கமே அங்கேதான் இருக்கிறது. கோல்கார்ட் அவருடைய மேலாளர். கூடவே இருந்து அவர் நடப்பதைப் பார்த்தவர். கைதட்டிய கூட்டம் ஏறவில்லை, பழகினவர் ஏறினார்.

எபிரெயர் பதினொன்றில் வருகிற ஆபிரகாமையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு எழுபத்தைந்து வயது. ஈசாக்கு பிறந்தபோது நூறு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மோரியா மலைக்குப் போனது அதற்கும் எத்தனையோ வருஷம் கழித்து. நடுவில் பொய் சொன்னார், பயந்தார், சந்தேகப்பட்டுச் சிரித்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான பழக்கம் அந்த மலையடிவாரத்துக்கு வந்து நிற்கிறது. நாம் அதை அரை மணி நேரத்தில் சொல்லி, ‘இன்றைக்கே உங்கள் ஈசாக்கை ஒப்புக்கொடுங்கள், கையை உயர்த்துங்கள்’ என்று கேட்கிறோம். ஜனங்களும் பாவம், ஐயர் கேட்கிறாரே என்று உயர்த்துகிறார்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும். விசுவாசம் பழக்கத்தில் வருவது. கர்த்தரோடு உங்கள் சபையாருக்கு இருக்கிற பழக்கம் பெரும்பாலும் உங்களுடையதைவிடப் பழையது. நீங்கள் அதற்குள் போய் உட்காருங்கள். உங்கள் கையில் இல்லாத எதையும் மேடையிலிருந்து வாக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் ஞாயிறு என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதைப் பேசக்கூடாது என்று சொல்கிறேன். கர்த்தரைக் கோட்டைக்கு ஒப்பிடுகிற சங்கீதத்தை எடுக்காதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு பஸ்ஸை விட்டு இறங்கி ராஜகிரிக் கோட்டை மலையை அண்ணாந்து பார்த்ததும் அந்த ஆசை வந்துவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் ஏறிவிட்டதால் இனி இன்னும் அதிகமாக வரும். ஆனால் உள்ளூர்க்காரருக்கு அந்தக் கோட்டையின் கதை தெரியும். நாயக்கரிடமிருந்து 1649-ல் பீஜப்பூர் பிடித்தது. 1677-ல் சிவாஜி. 1698-ல் எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு மொகலாயர். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் வெள்ளைக்காரன். வந்தவன் போனவனெல்லாம் பிடித்த கோட்டையைக் காட்டி, ‘கர்த்தர் இப்படிப்பட்டவர்’ என்றால் பின்பெஞ்சுப் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கவும் வேண்டும்.

மலையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் பெண்களாக இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை குழு லோனுக்குத் தவணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கம்பெனிக்காரப் பையன் வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான், தெருவே பார்க்கும். நூறு நாள் வேலைக் கூலி ஏறிவிட்டதா என்று பாங்குக்கு ஒரு நடை போக வேண்டும். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்குகிற காலமென்றால் விடிவதற்கு முன்னே கொல்லையில் நிற்க வேண்டும். ஆண்களில் சிலர் நெல் மூட்டையை மார்க்கெட் கமிட்டியில் இறக்கிவிட்டு, விலை படியும்வரை மூட்டை மேலேயே படுத்துக் கிடந்து, அப்படியே சட்டையை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வந்திருப்பார்கள். அவர்கள் கொட்டாவி விட்டால் அது உங்கள் பேச்சின் குறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களுடைய இந்த வாரம் உங்களுக்குத் தெரியாமல் இருந்தால், ‘அன்றாட ஆவிக்குரிய ஜீவியம்’ என்று நீங்கள் பேசுவதெல்லாம் காற்றோடு போகும். ஆகையால் முதல் மூன்று மாதம் வீடு வீடாகப் போங்கள். ஜெபிக்கப் போகிறேன் என்று பைபிளும் கையுமாக நுழைந்தால் டம்ளரில் கலர் வரும், நல்ல பாய் வரும், உண்மை வராது. சும்மா போங்கள். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தால் நீங்களும் ஒரு கை உரியுங்கள்.

பிரசங்கம் என்பது நம் சபைகள் கொண்டுவந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டும் அந்தச் சீமைக்குப் போகாதீர்கள். செஞ்சிக்குப் பக்கத்திலேயே மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்பார்கள். அங்கிருக்கிற திரௌபதி அம்மன் கோயிலைத்தான் ஆதிக்கோயில் என்று சுற்றுவட்டாரம் நம்புகிறது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-ல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. அந்தப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்திலிருந்து பாட்டை எடுத்துப் பாடி, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, வரிக்கு வரி பொருள் சொல்லிக்கொண்டு போவார். நாள் கணக்கில் நடக்கும். பகலில் அவர் சொன்ன கட்டத்தை ராத்திரி வேஷம் கட்டி ஆடுவார்கள். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் களிமண்ணில் நீட்டி நிமிர்ந்து கிடப்பான்.

உங்கள் சபையாரின் தாத்தாக்கள் அந்தப் பந்தலின் ஓரத்தில் நின்று கேட்டவர்கள். ஓரத்தில் என்று ஏன் சொல்கிறேன் என்பது அங்கே போனால் உங்களுக்கே தெரியும். கதை கேட்கிற காது அவர்களுக்கு அப்படி வந்தது. முடிவு தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கிற காது அது. கர்ணன் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுக்கிற இடத்தில் நின்று, ‘இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் மூன்று பாடங்கள்’ என்று பாரதப் பிரசங்கியார் ஆரம்பித்தால் பந்தல் காலியாகிவிடும். அவர் கர்ணனோடேயே நிற்பார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் நிற்பார். ஒரு நாள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். போர்டு மெம்பர் யாராவது முணுமுணுத்தால் இந்தக் கிழவன் அனுப்பினான் என்று சொல்லுங்கள்.

நம்மிடம் இல்லாத கதையா? மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து எஜமான் விடியற்காலையில் ஆள் பிடிக்கப் போகிறான், ஒன்பது மணிக்குப் போகிறான், பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறான். எல்லாருக்கும் ஒரே கூலி. நாம் இதை எடுத்தால் கிருபை, தெரிந்தெடுப்பு, யூதர், புறஜாதியார் என்று உடனே மச்சுப்படி ஏறிவிடுவோம். செஞ்சிக்குத் தெற்கே ஒரு காலனி வீட்டுக் கூட்டத்தில் இதைப் படித்து முடித்தபோது, நாற்று நடவுக்குப் போகிற ஒரு அம்மா கேட்டார்: “ஐயா, அஞ்சு மணி வரைக்கும் நின்னவன் ஏன் நின்னான்? வயசானவனா இருப்பான். இல்ல கால் ஊனமா இருக்கும். தெம்பு உள்ளவனத்தான் காலைலயே கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்களே.” வேதத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றுதான் அவர்கள் பதில் சொல்கிறார்கள். சோம்பேறிகள் என்று அங்கே ஒரு வார்த்தையும் கிடையாது. கூலிக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்தப் பதிலின் கனம் தெரிகிறது. காலையிலிருந்து வெயிலில் நின்றும் யாரும் கூப்பிடாத ஆளுக்கு வீட்டில் அதே உலை, அதே பிள்ளைகள். முழுக்கூலி இல்லாமல் அவன் எப்படி வீட்டுக்குப் போவான்? அன்றைக்கு அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பிரசங்கம் தேவைப்படவில்லை. கூட்டத்தை முடித்து ஜெபித்துவிட்டு எழுந்தோம்.

வாக்குத்தத்தக் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணி தாண்டியதும் தட்டில் வசனக் கார்டுகளை வைத்து நீட்டுவீர்கள். ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்ததை வருஷம் முழுக்க அலமாரிக் கண்ணாடியில் சொருகி வைத்திருப்பார்கள். இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தவும் உங்களால் முடியாது. அதில் எப்படியும் எரேமியா 29:11 இருக்கும், சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய வசனம். அதை எடுத்தவருக்கு அந்த வருஷம் வீடு, கல்யாணம், அரசாங்க உத்தியோகம் எல்லாம் வந்துவிடும் என்று பேச நாக்கு துறுதுறுக்கும். டிவியிலும் செல்போனிலும் அப்படிப் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் பேசும் முன்னே அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள்; அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

இருபத்தெட்டில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான்: இரண்டே வருஷத்தில் பாபிலோன் நுகம் முறிந்துவிடும், கொண்டுபோனதெல்லாம் திரும்பி வந்துவிடும். ஜனங்களுக்கு இனித்திருக்கும். அந்த வருஷத்திலேயே அவன் செத்துப்போனான். இருபத்தொன்பதில் எரேமியா சிறையிருப்பில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: எழுபது வருஷம் ஆகும். எழுபது என்றால் கடிதத்தை வாசிக்கிற பெரியவர் ஒருவரும் திரும்பப் போவதில்லை. அவர்களிடம் கர்த்தர் கேட்பது என்ன? வீடு கட்டச் சொல்கிறார், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடச் சொல்கிறார், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணச் சொல்கிறார், தங்களைப் பிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவே ஜெபிக்கச் சொல்கிறார். பதினோராம் வசனம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. அன்றாட ஆவிக்குரிய வாழ்க்கையைப் பற்றி வேதத்தில் இதைவிடத் தெளிவான அதிகாரம் எனக்குத் தெரிந்து இல்லை. கீரைப்பாத்தி போடுவதும் அதில் இருக்கிறது, ஊருக்காக ஜெபிப்பதும் இருக்கிறது. ஜனவரி முதல் ஞாயிறு இதைப் பேசுங்கள். கார்டை யாரும் கிழித்துப் போட மாட்டார்கள். அலமாரிக் கண்ணாடியில் அது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஊருக்காக ஜெபிப்பது என்றேன். செஞ்சி எப்பேர்ப்பட்ட ஊர் என்று பாருங்கள். மேல்மலையனூரில் ஒவ்வொரு அமாவாசைக்கும் அங்காளம்மனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனம் போகிறது. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பெயரில் பள்ளிவாசல் நிற்கிறது. மேல்சித்தாமூரில் சமணர் மடம். திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் பாறையில் வரிசையாக இருக்கிறார்கள். பக்கத்திலேயே சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமலிருந்து உயிர் விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு. லெந்து நாட்களில் உபவாசத்தைப் பற்றிப் பிரமாதமாகப் பேசுவதற்கு முன்னால் அந்தக் குன்றை ஒருதரம் ஏறிவிட்டு வருவது நல்லது, குரல் தானாக ஒரு கட்டை இறங்கிவிடும்.

அந்தக் காலத்தில் ஆற்காடு மிஷன்காரர்கள் சந்தையிலும் தெருமுனையிலும் நின்று வாதாடினார்கள். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க மிஷன் அது. பள்ளிக்கூடம் கட்டுவதைவிட ஊர் ஊராகப் போய்த் தமிழில் பேசுவதுதான் முதல் வேலை என்று வைத்துக்கொண்டவர்கள். ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தெருப் பிரசங்கிகளுக்கென்றே தமிழில் ஒரு கையேடு எழுதினார். நம் ஊர்ச் செய்யுட்களையே எடுத்து நம் ஊர்க்காரரோடு மல்லுக்கட்டுகிற புத்தகம். அவருடைய தமிழைப் படித்தால் பொறாமையாக இருக்கும். அந்த வாதத்தை இன்றைக்கு நீங்கள் மைக்கில் செய்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் அக்காளைத்தான் திட்டுகிறீர்கள். அக்காள் வீட்டில் அமாவாசைக்கு மலையனூர் போகிறார்கள். தங்கச்சி வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வருகிறார்கள். அந்தப் பந்தியை உங்கள் மைக் கலைத்துவிட வேண்டாம்.

இதைவிடக் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. செஞ்சியிலிருந்து ஆரணி போகிற வழியில் சேத்துப்பட்டு. அங்கே தார்ராஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கட்டிய லூர்து மாதா கோயிலைப் பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர் அவர். அந்த நாட்களில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். நம் பக்கத்து மிஷன்களிலும் அதே காலத்தில் அதேதான் நடந்தது. ‘கஞ்சிக்கு மதம் மாறினவர்கள்’ என்று வெளியிலிருந்தும் சொல்வார்கள், படித்த கிறிஸ்தவர்களும் சொல்வார்கள். உங்கள் வாயிலிருந்து வேடிக்கைக்குக்கூட அந்தச் சொல் வரக்கூடாது. சாகக் கிடந்தவர்கள், தங்களுக்கு யார் கஞ்சி ஊற்றினாரோ அவர் கும்பிடுகிற சாமியைக் கும்பிட்டார்கள். அதில் கேவலம் எங்கே இருக்கிறது? ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் பாவமன்னிப்புக்கு முன்னால் சாப்பாடு வருகிறது. வனாந்தரத்தில் ஐயாயிரம் பேரை உட்காரவைத்துச் சோறு போட்டுத்தான் அனுப்பினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று நாம் கூப்பிட்ட அந்த மனிதர், ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதை வைத்தே இறையியல் பேசினார், நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறையே செய்தார். அவரை வாசித்துவிட்டுப் போங்கள்.

ஒரே உலை என்று பேசுவது சுலபம். எறையூரில் 2008 மார்ச்சில் ஒரே மாதா கோயிலைச் சேர்ந்த இரண்டு சாதிக்காரர்கள் மோதிக்கொண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அன்றைக்கு அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். திருவிருந்துப் பாத்திரத்தை நீட்டும்போது யார் யாருக்குப் பின்னால் வந்து முழங்கால் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் இருக்கிறதா என்று ஊருக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பாருங்கள். இருந்தால் பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு மூன்று தலைப்பு வேண்டாம்.

சாதிச் சர்ட்டிபிகேட் விஷயம் வேறு. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றதால் காலனிக்காரர் யாரும் ஊர்த்தெருவில் குடியேறிவிடவில்லை. சலுகை மட்டும் போய்விட்டது. அதனால் பல வீடுகளில் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்கும். இதை வைத்துக்கொண்டு, ‘மனுஷருக்கு முன்பாக என்னை மறுதலிக்கிறவன்’ என்று மேடையில் கர்ஜிக்கிற பிரசங்கிகளை நான் பார்த்திருக்கிறேன். மகளை நர்சிங் படிக்கவைக்கப் பார்க்கும் தாய்க்கு இரண்டு பெயரின் பாரத்தை ஏற்றிவிட்டது அரசாங்க ஆணை. அதற்குமேல் நீங்களும் ஒரு கல்லைத் தூக்கி வைக்காதீர்கள். குரல் எழுப்ப வேண்டுமானால் ஆணையை எதிர்த்து எழுப்புங்கள்.

வியாதிக்காரர் வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. ஜெபியுங்கள், எண்ணெய் பூசுங்கள், அழுகிறவர்களோடு அழுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால்தான் விசுவாசம் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அதை மறுத்துச் சொல்லுங்கள். சுகர், பிரஷர் மாத்திரையை ‘விசுவாசத்தால்’ விட்டுவிட்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கும் ஜிப்மருக்கும் தூக்கிக்கொண்டு ஓடுகிற கதை அந்தப் பக்கம் புதிதல்ல. செஞ்சியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் திண்டிவனம். 1890-களின் தொடக்கத்தில் அங்கே அப்பா டாக்டராக இருந்த பங்களாவில் ஐடா ஸ்கடர் என்ற பெண் தங்கியிருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்தவள். மிஷனரி வேலையே வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தவள். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைப் பார்க்க அவளைக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டர் கூடாது என்றார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அவள் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து 1900-ல் வேலூரில் ஒரு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அந்தக் குடும்பத்தில் பிரசங்கத்துக்குக் குறைவே இல்லை. தாத்தாவும் பெரியப்பா சித்தப்பாக்களும் பேசிப் பேசியே ஓய்ந்தவர்கள். அவளைத் திருப்பியது கதவைத் தட்டின மூன்று பேர். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், ஜனங்களைத் திருப்புவது அநேகமாக வேறு ஏதாவதாக இருக்கும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் மனுஷனுக்குத் தலைக்கனம் வராது, சோர்வும் வராது.

பழைய ஜெசுயிட் மிஷனிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாமியார் ஒரு கிராமத்துக்கு வருஷத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது. ஜான் டி பிரிட்டோ செஞ்சிச் சீமையில் தம் வேலையைத் தொடங்கிய நாட்களிலும் நிலைமை அதுதான். இடைப்பட்ட நாட்களில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம், சாகிறவருக்கு ஜெபம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், எல்லாம் உபதேசியார் பொறுப்பு. வீரமாமுனிவர் அவர்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்று தனியாக ஒரு நூல் எழுதினார். அவர் தேம்பாவணி எழுதியதைப் புலவர்கள் கொண்டாடுகிறார்கள். சபைக்கு உழைத்தது இந்த உரைநடைப் புத்தகம்தான் என்பது என் கட்சி. உங்களுக்கும் ஆறேழு கிராமம் இருக்கும். எல்லா ஞாயிறும் எல்லா இடத்திலும் நீங்கள் நிற்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைப் பிடியுங்கள். உங்கள் பிரசங்கத்தை அவர் கையில் எழுதிக் கொடுக்காதீர்கள். வேதபாடத்தைக் கொடுத்து, இதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். அடுத்த மாதப் பிரசங்கம் உங்களுக்கு அங்கே கிடைக்கும்.

ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். சிவாஜி பிடித்த பிறகு செஞ்சிக் கோட்டைச் சுவர் எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இன்றைக்கும் அந்தக் காலத்து ஜெசுயிட் கடிதங்களைத்தான் புரட்டுகிறார்கள். அந்தப் பாதிரிகள் ஊரைப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதி வைத்தார்கள். யார் வீட்டில் எந்தப் பிள்ளை பத்தாவது எழுதுகிறது, யாருக்கு எந்த மாதம் பிரசவம், யார் யாரோடு பேசுவதில்லை, இதையெல்லாம் எழுதி வையுங்கள். சனிக்கிழமை ராத்திரி விளக்கவுரைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இந்த நோட்டைத் திறங்கள்.

கடைசியாக, பிரசங்கத்தை இருபது நிமிஷத்தில் முடியுங்கள். அறிவிப்பு, காணிக்கை, பிறந்தநாள் ஜெபம், திருமண நாள் ஜெபம் என்று ஏற்கெனவே ஆராதனை இரண்டு மணி நேரம் இழுக்கும். கிராமத்து பஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான் வரும். நீங்கள் ‘முடிவாக’ என்று சொல்லிவிட்டு இன்னும் கால் மணி நேரம் பேசினால், பாட்டிகள் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். அவர்களை நடக்க வைக்காதீர்கள்.

உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஐயர்